கான்கூனிலிருந்து ஒரே நாளில் மாயா இடிபாடுகள், ஸ்னார்க்கெலிங், செனோட்டே குளியல்: வழிகாட்டியோடு போகலாமா?

தாராளமாகப் போகலாம். வழிகாட்டியோடு போவதையே நான் பரிந்துரைப்பேன். மெக்சிகோவின் கரீபியக் கரையில் உள்ள கான்கூனில் தங்கும்போது ஒரு நாளை ஒதுக்கி, அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாயா மக்கள் கட்டிய பழைய நகரம், முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மிதந்தபடி (ஸ்னார்க்கெலிங்) பார்க்கும் ஆமைகள் உள்ள கடல், செனோட்டே எனப்படும் நிலத்தடி நன்னீர்க் குளம் ஆகிய மூன்றையும் பார்க்க முடியுமா, நீச்சல் தெரியாத பெற்றோரை அழைத்துப் போகலாமா, எல்லாம் அரைகுறையாக முடிந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டெக்சாஸில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வந்த அம்மா, அப்பாவோடு இதே பயணத்தைச் செய்திருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். மாயா இடிபாடு என்றவுடன் பலரும் சிச்சேன் இட்சாவைத்தான் நினைக்கிறார்கள். அது கான்கூனிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், உள்நாட்டில் இருக்கிறது. அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். கடலை அதோடு சேர்க்கவே கூடாது. உங்கள் தேவைக்குப் பொருத்தமானது துலும். கான்கூனிலிருந்து தெற்கே 130 கிலோமீட்டர், சுமார் இரண்டு மணி நேரம். துலுமுக்கு 25 கிலோமீட்டர் முன்னதாகவே, அதே நெடுஞ்சாலையில், ஆமைகள் மேயும் அகுமால் விரிகுடா வந்துவிடும். செனோட்டேக்கள் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே வரிசையாக இருக்கின்றன. அலைச்சல் குறைவு.

இந்த மூன்றையும் ஒரே நாளில் பார்ப்பதற்கு வசதியைத் தாண்டிய காரணம் ஒன்றும் உண்டு. கான்கூன் இருக்கும் யூகடான் தீபகற்பத்தின் வடபகுதியில் தரைமேல் ஓடும் ஆறு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நிலம் முழுவதும் சுண்ணாம்புக்கல். பெய்யும் மழை அப்படியே உள்ளே இறங்கி, கல்லைக் கரைத்துக் குகைகளை உண்டாக்கி, அந்தக் குகைகள் வழியாகவே கடலுக்குப் போகிறது. குகையின் கூரை இடிந்து விழுந்த இடம்தான் செனோட்டே. மாயா மக்கள் குடித்த தண்ணீர் அதிலிருந்துதான் வந்தது. சாக் என்ற மழைக் கடவுளுக்குக் காணிக்கை இட்டதும் அதில்தான். அந்த நன்னீர் கடலில் போய்ச் சேரும் கரைக்கு எதிரே பவளத்திட்டு. பவளத்திட்டில் இடைவெளி இருக்கும் இடத்துக்கு நேரே துலும் நகரம். கல், நன்னீர், கடல் மூன்றையும் ஒரே நாளில் பார்த்தால்தான் அங்கே ஏன் ஒரு நகரம் எழுந்தது என்பது புரியும். பயணம் முழுவதும் இதை மனத்தில் வைத்திருந்தால், மூன்று இடங்களைத் தொட்டுவிட்டு ஓடுகிறோம் என்ற எண்ணமே வராது.

துலுமுக்குக் காலை எட்டு மணிக்கு, வாசல் திறக்கும்போதே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் விடுதிகளிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் பயணிகள் வந்து குவிவார்கள். நிழலே இல்லாத திடலில் வெயில் கொளுத்தும். ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோ மக்களுக்கு நுழைவு இலவசம் என்பதால் கூட்டம் இன்னும் அதிகம். வார நாளில் போங்கள்.

நகரின் மூன்று பக்கமும் மதில்; நாலாவது பக்கம் 12 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையும் கரீபியக் கடலும். மதிலில் ஐந்து வாசல்கள், ஒருவர் பின் ஒருவராக நுழையும் அளவுக்கே அகலம். துலுமின் செழிப்பான காலம் 13 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை. பிரமிடுகளின் உயரத்தைப் பார்த்து வியக்கும் ஊரல்ல இது. துறைமுக ஊர். தேன், உப்பு, பருத்தி, கொக்கோ, இன்றைய குவாத்தமாலாவின் மலைகளிலிருந்து வந்த எரிமலைக் கண்ணாடிக்கல் எல்லாம் பெரிய தோணிகளில் இந்தக் கரையோரமாகப் பயணித்தன. 1502-இல் ஹோண்டுராஸ் கடலில் கொலம்பஸ் எதிர்கொண்டது அப்படிப்பட்ட ஒரு வணிகத் தோணியைத்தான். அதில் பருத்தித் துணியும் செப்பு மணிகளும் கொக்கோவும் இருந்தன. பாறை விளிம்பில் நிற்கும் எல் காஸ்டியோ கோயிலின் சாளரங்களில் விளக்கேற்றி, பவளத்திட்டின் இடைவெளிக்குள் தோணிகளுக்கு வழி காட்டினார்கள் என்று ஒரு கருத்து உண்டு. கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னஞ்சிறு மணல் கரையைப் பார்த்தால் தோணிகள் எங்கே கரையேறியிருக்கும் என்று ஊகிக்கலாம். அந்தக் கரைக்கு இறங்கும் படிகளை அவ்வப்போது மூடிவிடுகிறார்கள். ஆகவே அங்கே குளிக்கலாம் என்று திட்டமிட வேண்டாம்.

வழிகாட்டி தேவையா என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்கும். கட்டடங்களுக்குள் யாரையும் விடுவதில்லை. கயிற்றுக்கு இப்பால் நின்று பார்க்க வேண்டியதுதான். விளக்கிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் கடலைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவீர்கள். எங்களோடு வந்தவர் வீட்டில் மாயா மொழி பேசி வளர்ந்தவர். வாசல்களுக்கு மேலே தலைகீழாக இறங்கும் கடவுளின் சுதைச் சிற்பத்தைக் காட்டி, அதைத் தேனீக்களோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கத்தைச் சொன்னார். கொட்டாத தேனீக்களை மரத்துண்டுகளுக்குள் வளர்ப்பது யூகடானில் இன்றும் நடக்கிறது. ஓவியக் கோயிலின் சுவர்களில் எஞ்சியிருக்கும் வண்ணங்களை எங்கே நின்று பார்த்தால் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மாயா நீலம் என்று புகழ்பெற்ற நிறம், அவுரி இனச் செடியின் சாயத்தை ஒருவகை வெள்ளைக் களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கிச் செய்தது. பல நூற்றாண்டு ஈரத்தையும் வெயிலையும் தாங்கக்கூடிய நிறம் அது. அப்பா அதைக் கேட்டுவிட்டு அந்த இடத்தை விட்டு நகரவே மறுத்துவிட்டார்.

மாயா மக்கள் மர்மமாக மறைந்துபோனார்கள் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் எங்கும் போகவில்லை. மெக்சிகோவில் மட்டும் யூகடான் மாயா மொழியை ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் பேசுகிறார்கள். ஸ்பானியர் வருகைக்குப் பிறகு, முக்கியமாக அவர்கள் கொண்டுவந்த நோய்களால், துலும் 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வெறிச்சோடிவிட்டது உண்மைதான். ஆனால் 1847-இல் தொடங்கிய மாயா கிளர்ச்சி அரை நூற்றாண்டு நீடித்தது. அந்தக் காலத்தில் இதே துலும் மீண்டும் ஒரு புனிதத் தலமானது. மரியா உய்காப் என்ற பெண் அங்கே சமயத் தலைவியாக இருந்தார். வழிகாட்டியிடம் அவரைப் பற்றிக் கேளுங்கள். உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினால் நல்ல வழிகாட்டி கிடைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அகுமால். இங்கே பச்சை ஆமைகள் கடற்புல் மேய்வதற்காக ஆழமில்லாத விரிகுடாவுக்குள் வருகின்றன. மிதவைகளால் எல்லை கட்டிய பகுதிக்குள், உரிமம் பெற்ற வழிகாட்டியோடு, மிதவை அங்கி அணிந்து, சிறு குழுவாகத்தான் போக வேண்டும். உங்கள் பெற்றோருக்கு இது நல்லதுதான். நீச்சல் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே மாதிரி மிதந்துதான் பார்க்கிறார்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு வாயால் சீராக மூச்சுவிடுவது ஒன்றே பழக வேண்டியது. முதல் நாளே விடுதி நீச்சல்குளத்தில் அதைப் பழக்கிவிடுங்கள். மீசை வைத்திருப்பவர்களுக்கு முகமூடியின் கீழ் விளிம்பில் தண்ணீர் கசியும். மேல் விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதினால் வெளியேறிவிடும். அம்மாவுக்கு முழுக்கை வைத்த நைலான் நீச்சல் உடை வாங்கிக்கொடுங்கள். பருத்திச் சுடிதார் நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும். உடலை மூடும் உடை இருந்தால் சன்ஸ்கிரீன் பூசும் தேவையும் குறையும். அந்தக் களிம்புகள் பலவற்றில் உள்ள ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் பவளத்துக்குக் கேடு என்பதால், அது கலந்ததைப் பூசிக்கொண்டு இறங்கவே வேண்டாம்.

ஆமை மூச்சுவிட மேலே வரும்போது அதன் வழியை மறித்து நிற்காதீர்கள். மூன்று மீட்டராவது தள்ளியே இருங்கள். தொடுவதும் துரத்துவதும் கொடுமை. ஒரு படத்துக்காக அதைச் செய்பவர்களைக் கண்டால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். காலை ஊன்றிக் கடற்புல்லை மிதிப்பதும் ஆமையின் உணவை அழிப்பதுதான். அங்கிருந்து வெளியே, ஆழம் கூடும் பக்கம் நீளும் பவளத்திட்டு யூகடானின் வடமுனையிலிருந்து ஹோண்டுராஸ் வரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் செல்லும் தொடரின் ஒரு பகுதி. ஆஸ்திரேலியாவின் பெருந்திட்டுக்கு அடுத்து உலகிலேயே பெரியது. 2018-இல் இந்தக் கரைக்கு வந்த ஒரு பவள நோய் மூளைப் பவளங்களைப் பெருமளவில் கொன்றுவிட்டது. கரையோர விடுதிகளின் கழிவுநீரும் அதே சுண்ணாம்புக்கல் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. நாம் தங்கும் விடுதி கழிவுநீரை என்ன செய்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நான் கேட்கிறேன்.

செனோட்டேயைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். உப்பும் வெயிலும் பட்ட உடம்புக்கு 25 பாகை செல்சியஸ் நன்னீர் சுகம். ஆனால் வயதானவர்களுக்குக் குளிரும், துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். இறங்குவதற்கு முன் சோப்பில்லாமல் குளித்துவிட்டுத்தான் போக வேண்டும். குகை செனோட்டேயில் கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகள் அழகுதான். ஆனால் இருட்டும் ஈரப் படிகளும் என் அம்மாவுக்குப் பயம் தந்தன. அதனால் பெற்றோரோடு போகும்போது காசா செனோட்டே போன்ற திறந்தவெளி இடமே நல்லது. சதுப்பு மரங்களுக்கு நடுவே ஆறுபோல் நீளும் நீர். சாலையைத் தாண்டினால் கடல். நீர் நிலத்தடியாகப் போய்க் கடலில் கலக்கிறது. மேலே நன்னீர், கீழே உப்புநீர். இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் முகமூடி வழியாகப் பார்த்தால் எண்ணெய் கலந்ததுபோல் எல்லாம் மங்கித் தெரியும். பயந்துவிட வேண்டாம், கண்ணில் கோளாறு இல்லை. இப்படிப்பட்ட குகைகள் எவ்வளவு பெரியவை என்றால், 2018-இல் துலும் அருகே இரண்டு குகைத் தொகுதிகள் இணைந்தே இருக்கின்றன என்று மூழ்காளர்கள் கண்டுபிடித்தபோது அதன் அளந்த நீளம் 347 கிலோமீட்டர். அதே தொகுதியில், ஓயோ நெக்ரோ என்ற ஆழ்குழியில், 12,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு இளம்பெண்ணின் எலும்புக்கூடு 2007-இல் கிடைத்தது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த அந்தக் காலத்தில் அந்தக் குகைகள் உலர்ந்து கிடந்தன. அவள் நடந்தே உள்ளே போயிருக்கிறாள்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில. துலும் இப்போது ஹாகுவார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் நுழைவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டணங்கள் உண்டு. அவையெல்லாம் விலையில் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடங்காவிட்டால் பெசோவில் ரொக்கம் வேண்டும். பெரிய பஸ்ஸா, சிறிய வேனா? பெரிய பஸ் ஒவ்வொரு விடுதியாக நின்று ஆளேற்றிக்கொண்டு துலும் சேரும்போது பதினோரு மணியாகிவிடும். வழியில் நினைவுப்பொருள் கடையில் நிறுத்துவார்களா? நிறுத்துவோம் என்றால் வேறு சுற்றுலாவைப் பாருங்கள், அந்த நேரம் செனோட்டேயிலிருந்துதான் பிடுங்கப்படும். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே அவரையைப் பன்றிக்கொழுப்பில் சமைப்பது சாதாரணம். பூசணி விதையும் தக்காளியும் அரைத்துச் செய்யும் சிகில் பாக் கிடைத்தால் விடாதீர்கள், நம் துவையல் பிரியர்களுக்கு உடனே பிடித்துவிடும். ஹபனேரோ மிளகாய்ச் சட்னியை மட்டும் துளி தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களிடம் செல்லத்தக்க அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். கான்கூன் உள்ள மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதையும் கவனியுங்கள். விடியற்காலை வேன் வரும் நேரத்தை அந்த ஊர் நேரப்படி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கரையில் குவியலாம். சில நாட்களில் அகுமால் கரையே நாறும், தண்ணீரும் கலங்கிவிடும். நீங்கள் போவது அந்த மாதங்கள் என்றால், கடல் கலங்கினால் மாற்றாக எங்கே கூட்டிப் போவீர்கள் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். அகுமாலுக்கு வடக்கே உள்ள யால்கூ என்ற காயலையோ காசா செனோட்டேயில் கூடுதல் நேரத்தையோ சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். ஸ்னார்க்கெலிங்கைப் பொறுத்தவரை இரண்டிலும் மீன்களுக்குக் குறைவில்லை, உங்கள் பெற்றோருக்கு அலையும் இருக்காது.