ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குத் தலையாட்டிவிடாதீர்கள்

கேள்வி: கோவை மாவட்டத்தில் தனியார் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்துகிறேன். ஆன்லைனில் எட்டு வாக்கி-டாக்கி செட் வாங்கினேன். ‘லைசன்ஸ் தேவையில்லை’ என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். தேர்த் திருவிழாவில் எங்கள் காவலர்கள் கையில் இருந்த ஆறு செட்டையும் போலீஸார் கைப்பற்றிவிட்டார்கள். கூட்டத்துக்கு நடுவே என்னை ஒருமையில் பேசினார்கள். போட்டி ஏஜென்சிக்காரர்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார். இந்தத் தொழிலில் எல்லாரும் இதே செட்டைத்தான் வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு சி.எஸ்.ஆர். (புகாரைப் பதிந்ததற்கான ரசீது) மட்டும் இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். இல்லை. லைசன்ஸ் கட்டணத்தைக் கட்டி செட்டுகளை மீட்கலாமா? விற்றவர் பாதிப் பணம் தருவதாகச் சொல்கிறார். நான் 5 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்றிருக்கிறேன். அக்கா மகனிடம் ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசன்ஸ் இருக்கிறது. செட்டுகள் அவனுடையவை என்று சொல்லலாமா? மீதி இரண்டு செட் வீட்டில் இருக்கின்றன.

பதில்: ஒருமையில் பேசியது, போட்டுக் கொடுத்தது, எல்லாரும் வைத்திருப்பது மூன்றையும் ஓரமாக வையுங்கள். அவற்றில் ஒன்றுகூட உங்களைக் காப்பாற்றாது. செட்டின் பின்பக்க லேபிளைப் படித்தீர்களா? இந்த விவகாரம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும், அரை வாட்டுக்குள் வேலை செய்கிற செட் என்றால் 2018-ஆம் ஆண்டு விலக்கு விதிகளின்படி லைசன்ஸ் வேண்டாம், இ.டி.ஏ. என்கிற, அந்த மாடல் செட்டுக்கான அரசு ஒப்புதல் இருந்தால் போதும். 400 முதல் 470 வரை எந்த அலைவரிசையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளக்கூடிய 5 வாட் செட் என்றால் அந்த விலக்கு கிடையாது. பேசினீர்களா, யாருக்காவது இடைஞ்சல் செய்தீர்களா என்று சட்டம் கேட்காது. கையில் வைத்திருந்ததே குற்றம். ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது ரகம். உங்களுடையதும் அதுவாக இருக்கும் என்று எண்ணியே எழுதுகிறேன். லேபிள் முதல் ரகம் என்று சொன்னால் அதைப் போட்டோ எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

கட்டணம் கட்டி மீட்பது நடக்காது. தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு முதலில் உங்களுக்கென்று அலைவரிசை ஒதுக்கும். அதற்கு ராயல்டி, செட்டுகளுக்கு லைசன்ஸ் கட்டணம் என்று ஆண்டுதோறும் கட்டவேண்டும். எல்லாம் செட் வாங்குவதற்கு முன்னால் நடக்கவேண்டியவை. இப்போது விண்ணப்பித்தால், ‘அன்று என்னிடம் லைசன்ஸ் இல்லை’ என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

இனி தண்டனை. 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டத்தின் 6-ஆவது பிரிவுப்படி, லைசன்ஸ் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தில் இதே தவறுக்குச் சிறை இல்லை. முதல் முறைக்கு 50,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைக்கு 2 லட்சம் வரை அபராதம் மட்டுமே. புதிய சட்டத்தின் பிரிவுகள் கட்டம் கட்டமாகத்தான் அமலுக்குக் கொண்டுவரப்படுகின்றன. செட் பிடிபட்ட தேதியில், வயர்லெஸ் கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்கிற அதன் 3-ஆவது பிரிவு அமலில் இருந்ததா என்பதை உங்கள் வக்கீல் முதல் வேலையாகப் பார்க்கவேண்டும்.

ஐம்பதாயிரத்தைவிட ஆயிரம் தேவலை என்று நினைப்பீர்கள். உங்கள் தொழிலில் கணக்கு தலைகீழ். என்னிடம் வருபவர்கள் விழுகிற குழியும் இதுதான்.

மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள். ‘குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள், ஆயிரம் கட்டிவிட்டுப் போய்விடலாம்’ என்று கோர்ட் வராந்தாவில் யாராவது சொல்வார்கள். சில சமயம் வக்கீலே சொல்வார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் அது குற்றத் தீர்ப்பு. 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கப்பட்டுள்ள குற்றத்தில் தண்டிக்கப்பட்டவருக்கு லைசன்ஸ் தர முடியாது என்கிறது. நீங்கள் கட்டியது ஆயிரமாக இருக்கலாம். சட்டப் புத்தகத்தில் இருப்பது 3 ஆண்டு வரை. ‘வரை’ என்ற சொல்லை வைத்து வாதாடலாம்தான். ஏஜென்சி லைசன்ஸைப் புதுப்பிக்கும் நேரத்தில் அதிகாரி முன்னால் அந்த வாதத்தைச் செய்கிற நிலைக்கு ஏன் போகவேண்டும்? புதிய சட்டத்தின் அபராதத்தை விதிப்பவர் தீர்ப்பளிக்கும் அதிகாரி. அது குற்றத் தீர்ப்பு ஆகாது. 50,000 ரூபாய் என்று நோட்டீஸ் வந்தால் முணுமுணுக்காமல் கட்டுங்கள். பழைய சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். வந்தால் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு, அல்லது செட்டின் தொழில்நுட்ப அறிக்கையைக் கேள்வி கேட்டு விசாரணை. ஒப்புதல் மட்டும் வேண்டாம்.

இன்னொரு குழி, செட்டைத் திரும்பக் கேட்பது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 503-ஆவது பிரிவில் மனு போடுவது சுலபம். அதோடு ‘இந்த ஆறு செட்டும் என்னுடையவை, நான்தான் வாங்கினேன்’ என்று ஒரு பிரமாணப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடுவீர்கள். போலீஸார் நிரூபிக்கவேண்டிய முக்கியமான விஷயத்தை உங்கள் கைப்பட எழுதிக் கொடுத்தாயிற்று. இன்றைக்கு அவர்களிடம் இருப்பது, செட்டுகள் காவலர்கள் கையில் இருந்தன என்கிற பறிமுதல் மகஜர் மட்டும்தான். சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்காக அரசுத் தரப்பின் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். மறுபக்கம், ‘காவலர்கள் அவர்களாகவே வாங்கிக்கொண்டார்கள்’ என்று தள்ளிவிடவும் பார்க்காதீர்கள். சம்பளத்துக்கு நிற்கிற மனிதன் உங்களுக்காக மூன்று வருடக் கேஸைச் சுமக்கமாட்டான். முதல் சாட்சியாக ஏறிவிடுவான், சரியாகத்தான் செய்வான்.

நுகர்வோர் வழக்கிலும் இதே சிக்கல். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் இதற்காகவே 13 ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அலைவரிசையும் லைசன்ஸ் விவரமும் சொல்லாமல் விற்கக் கூடாது என்று வழிகாட்டு நெறிமுறைகளும் போட்டது. அதனால் விற்றவருக்கு அபராதம் விழலாம். வாங்கியவருக்கு மன்னிப்பு கிடைக்காது. ‘இத்தனை தேதியில் வாங்கினேன், தொழிலுக்குப் பயன்படுத்தினேன்’ என்று சத்தியம் செய்த புகாரின் நகலை அரசு வக்கீல் கேட்டு வாங்கிக்கொள்வார். ‘தொழிலுக்கு’ என்று எழுதியதும் எதிர்த்தரப்பு வக்கீல் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எழுந்து நிற்பார். 5 லட்சத்தை மறந்துவிடுங்கள்.

அக்கா மகன் யோசனையை இன்றோடு விடுங்கள். ஹாம் லைசன்ஸ் அவருடைய சொந்தப் பொழுதுபோக்குக்கு, ஹாம்காரர்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளுக்கு. வியாபாரச் செய்தி பேசவே அதில் அனுமதி இல்லை. அவர் பெயரைச் சொன்னால் அவர் லைசன்ஸும் போகும், பொய் வாக்குமூலமும் சேரும்.

வீட்டில் இருக்கும் இரண்டு செட்தான் இன்றைக்கு அவசரம். விற்றால் அது தனிக் குற்றம். கிணற்றில் போட்டால் சாட்சியத்தை அழித்ததாக நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 238-ஆவது பிரிவு வரும். 446-க்கு மாற்றி ப்ரோக்ராம் செய்துவைக்கவும் வேண்டாம்: 5 வாட் செட் அதனால் அரை வாட் ஆகிவிடாது, மாற்றியதும் தெரிந்துவிடலாம். பேட்டரியைக் கழற்றுங்கள், யாரிடமும் கொடுக்காதீர்கள், ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள். எந்த அலுவலகத்தில், எந்த வாசகத்தில் ஒப்படைப்பது என்பதை ஒரு கிரிமினல் வக்கீல் முடிவு செய்யட்டும். அந்தக் கடிதத்தை நீங்களே எழுத உட்காராதீர்கள். 3 ஆண்டு ‘வரை’ என்கிற பதிப்புரிமை (காப்பிரைட்) குற்றம் ஜாமீனில் வெளிவர முடியாதது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே தர்க்கத்தை இங்கேயும் பொருத்த ஒரு இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமல் இருக்காது. ஸ்டேஷனில் குரலை உயர்த்துவதற்கு இது நேரமில்லை.

விற்றவர் தரும் பாதிப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் நீட்டுகிற ரசீதில் ‘வாங்கிப் பயன்படுத்திய செட்டுகளுக்காக’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆர்டர் எண், தொகை மட்டும் போதும் என்று சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அந்தப் பாதியையும் விட்டுவிடுங்கள். அடுத்த திருவிழாவுக்குள் லைசன்ஸ் வந்துவிடும் என்று நம்பி ஒப்பந்தம் எழுதவேண்டாம். காவலர்களின் செல்போனில் சிம் வழியாக, பொத்தானை அழுத்திப் பேசும் புஷ்-டு-டாக் ஆப் போட்டுக் கொடுங்கள்.