வேல்ஸ் விவசாயிகளின் பாகப்பிரிவினையும் உயிலும்: கேள்வி பதில்

கேள்வி: அந்தக் காலத்து வேல்ஸில் நிலம் முழுவதும் மூத்த மகனுக்குத்தானா?

பதில்: முதலில் அப்படி இல்லை. 10ஆம் நூற்றாண்டு மன்னர் ஹவெல் தாவின் பெயரால் வழங்கும் சட்டத்தில் மகன்கள் எல்லோருக்கும் சம பங்கு. முறையான திருமணத்தில் பிறக்காத மகனையும் தகப்பன் ஏற்றுக்கொண்டிருந்தால் அவனுக்கும் உண்டு. 1284இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட், ருத்லான் சட்டத்தில் அந்த மகன்களை மட்டும் விலக்கினார். பாகப்பிரிவினையில் கை வைக்கவில்லை.

கேள்வி: பங்கு பிரிக்கும்போது அடிதடி வராதா?

பதில்: வராமல் இருக்கத்தான் ஒரு வழி வைத்திருந்தார்கள். நிலத்தைக் கூறு போடுவது கடைக்குட்டி. முதலில் எடுப்பது மூத்தவன், பிறகு வயது வரிசைப்படி மற்றவர்கள். பிரித்தவனுக்குக் கடைசிக் கூறுதான் மிஞ்சும் என்பதால் அவன் ஏமாற்ற முடியாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. அதே சமயம், தகப்பன் வாழ்ந்த வீடு, பெரிய கொப்பரை, விறகுக் கோடாலி, கலப்பையின் வெட்டுக்கத்தி எல்லாம் கடைக்குட்டிக்கே. அண்ணன்மார் அதற்குள் தனிக்குடித்தனம் போயிருப்பார்கள் அல்லவா! ஆனால் விஷயம் அதோடு முடியாது. சகோதரர்கள் இறந்தபின் அவர்களுடைய பிள்ளைகள் மறுபடி பிரிக்கக் கேட்கலாம். அடுத்த தலைமுறைப் பங்காளிகளும் ஒருமுறை கேட்கலாம். நிலம் துண்டு துண்டானதில் ஆச்சரியமில்லை.

கேள்வி: எப்போது மாறியது?

பதில்: வேல்ஸில் ஆங்கிலேயச் சட்டத்தைப் புகுத்திய, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் 1536, 1543 சட்டங்களோடு. அதன்பின் உயில் எழுதாமல் இறந்தால் நிலம் மூத்தவனுக்கு. இந்த விதி 1925 சட்டம் வரும்வரை இருந்தது.

கேள்வி: பழைய உயில்களில் "மூத்த மகனுக்கு ஒரு ஷில்லிங்" என்று சின்னத் தொகை வருகிறதே, அப்பாவுக்குக் கோபமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கல்யாணத்தின்போதோ தனியாகப் போகும்போதோ அவன் தன் பங்கை ஏற்கெனவே வாங்கியிருப்பான். பெயரே வராவிட்டால் "என்னை மறந்துவிட்டார்" என்று அவன் வழக்குப் போடுவான் என்ற பயம். அதற்கு வழியில்லாமல் ஒரு ஷில்லிங் எழுதிவைத்தார்கள். ஒரு ஷில்லிங்கை வைத்துக் குடும்பச் சண்டை என்று கதை கட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். இன்னொன்று: 1696 வரை வேல்ஸ் வழக்கப்படி அசையும் சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பகுதி உரிமையாகவே உண்டு. அந்த ஆண்டுச் சட்டம் அதை எடுத்துவிட்டது. பிறகு யாருக்கு எவ்வளவு என்பது முழுக்க எழுதுகிறவர் இஷ்டம்.

கேள்வி: உயிலில் நிலமே காணோமே?

பதில்: பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள். சிலருக்கு மூன்று பேரின் ஆயுள்வரை என்ற குத்தகை. பெயர் குறித்த மூவரும் இறக்கும்வரை நிலம் கையில் இருக்கும். அதனால் உயிலில் மாடு, ஆடு, களஞ்சியத் தானியம், படுக்கை, வரவேண்டிய கடன் இவைதான். அக்கம்பக்கத்தார் வந்து மதிப்பிட்ட பட்டியலும் பழைய உயில்களோடு சேர்ந்திருக்கும். உயிலைவிட அதுதான் படிக்கச் சுவாரசியம்.

கேள்வி: பெண்கள் உயில் எழுதினார்களா?

பதில்: விதவைகளும் மணமாகாதவர்களும் எழுதினார்கள். கணவன் இருக்கும் பெண்ணுக்கு அவன் சம்மதம் வேண்டும். 1882 சட்டம்தான் அதை மாற்றியது.

கேள்வி: எங்கே பார்க்கலாம்?

பதில்: 1858க்கு முன் உயில்களைத் திருச்சபை நீதிமன்றங்கள்தான் ஏற்று உறுதிசெய்தன. வேல்ஸ் நீதிமன்றங்களின் உயில்கள் அபரிஸ்ட்வித்தில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கின்றன; இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருக்கும். தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தகப்பன் பெயரையே பின்பெயராக வைப்பது வழக்கம் என்பதால், ஹியூ தாமஸின் மகன் ஜான் ஹியூ என்று இருப்பான். குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒரு தலைமுறையோடு நின்றுவிடுவீர்கள்; ஊர்ப் பெயரையும் பண்ணையின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.