மரம் வெட்டும் சிறு தொழிலில் ஒரு வேலைக்கு எவ்வளவு கேட்பது?

கேள்வி: மரம் வெட்டுவது, கவாத்து செய்வது என்று மூன்று பேராகத் தொழில் தொடங்கியிருக்கிறோம். வேலை தொடர்ந்து வருகிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. ஒரு மரத்தைப் பார்த்ததும் எந்தக் கணக்கில் விலை சொல்ல வேண்டும்?

பதில்:

வேலை இருந்தும் பணம் நிற்கவில்லை என்றால் ஓட்டை பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, உங்கள் குழு ஒரு நாள் வெளியே கிளம்பினால் ஆகும் செலவை நீங்கள் குறைவாக நினைத்திருப்பீர்கள். மற்றொன்று, மரத்தை அண்ணாந்து பார்த்து விலை சொல்லியிருப்பீர்கள். உயரம் மேலே ஏறுகிறவருடைய நேரத்தை மட்டும்தான் காட்டும். நாளைத் தின்பது கீழே நடக்கும் வேலை: இழுப்பது, துண்டு போடுவது, சுமப்பது, ஏற்றுவது, பெருக்குவது.

முதலில் நாள் செலவு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டு முழுக்கப் போகிற செலவை எல்லாம் எழுதுங்கள். வண்டி, காப்பீடு, பயிற்சி, போன், விளம்பரம், கருவி வைக்கும் இடத்தின் வாடகை என்று பட்டியல் போகும். இதில் பலரும் விட்டுவிடுவது தேய்மானம். சிப்பரை (கொப்பைச் சில்லாக அரைக்கும் இயந்திரம்) ஐந்து ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கும் என்றால், வாங்கிய விலையிலிருந்து விற்கும்போது கிடைக்கக்கூடிய தொகையைக் கழித்து, மீதியில் ஐந்தில் ஒரு பங்கை ஒவ்வோர் ஆண்டுச் செலவிலும் போட வேண்டும். ஏறும் கயிறு, ஏறுகிறவர் இடுப்பில் மாட்டும் சேணம், தலைக்கவசம், செயின் சா வெட்டைத் தாங்கும் கால்சட்டை ஆகியவையும் இப்படியே. ஏறும் கயிற்றில் ஓர் இடத்தில் ரம்பம் பட்டுவிட்டால் அந்தக் கயிறு அன்றோடு முடிந்தது. அதற்கும் ஒரு தொகை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

பிறகு அந்தத் தொகையை எத்தனை நாளால் வகுப்பது? பலர் 250 என்று எடுத்துக்கொள்கிறார்கள். 365 நாளில் வார விடுமுறை 104 போனால் 261. மற்ற விடுமுறைகள் 15, மழையும் பலத்த காற்றும் 25, கருவிப் பழுது 12, உடல்நலமின்மை 8, இடம் பார்த்து விலை சொல்லவும் கணக்கு எழுதவும் வாரத்துக்கு அரை நாள் வீதம் 26. மிஞ்சுவது 175. உங்கள் எண்கள் கொஞ்சம் மாறலாம், ஆனால் கூலி கிடைக்கும் நாள் 200-ஐத் தாண்டும் சிறு குழு அரிது.

எந்த நாணயமும் இல்லாமல் வெறும் எண்ணாகவே பார்ப்போம். ஆண்டுச் செலவு 17,500 என்றால், 175 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 100. 250 நாளுக்குப் பங்கிட்டிருந்தால் 70 என்று வந்திருக்கும். ஒவ்வொரு வேலை நாளும் 30 நட்டத்தில் தொடங்கியிருக்கும், வெளியே தெரியவும் தெரியாது. இதோடு ஆட்கூலி 150, எரிபொருள், எண்ணெய், செயின், கழிவு கொட்டும் கட்டணம் எல்லாம் சேர்த்து 30. மொத்தம் 280. நீங்களே மரம் ஏறினாலும் உங்கள் கூலி அந்த 150-க்குள் இருக்க வேண்டும். அதை லாபத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், நீங்கள் ஒரு மாதம் படுத்துவிடும்போது வேறு ஆளை வைக்க வழியிருக்காது.

லாபத்திலும் ஒரு பிழை சகஜம். விற்கும் விலையில் 20 சதவீதம் லாபம் வேண்டும் என்றால் 280-உடன் 20 சதவீதம் கூட்டக் கூடாது. அப்படிக் கூட்டினால் 336 வரும். 280-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும், 350 வரும். வித்தியாசம் நாளுக்கு 14, ஆண்டுக்கு 2,450. கூட்டலும் வகுத்தலும் மாறியதில் மட்டும் இவ்வளவு.

இந்த 350 எட்டு மணி நேர நாளுக்கானது. ஆனால் காலையில் கருவி ஏற்றுவது, பயணம், மாலையில் கழிவைக் கொட்டுவது எல்லாம் போக, மரத்தடியில் கிடைப்பது சுமார் ஆறு மணி நேரம். ஆகவே மரத்தடியில் ஒரு மணி நேரத்தின் விலை 350-ஐ ஆறால் வகுத்தால் வரும் 58. எட்டால் வகுத்து 44 என்று வைத்தால், மறுபடி அதே ஓட்டை.

இனி மரத்தைப் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியது. கையில் அளக்கும் டேப் இருக்கட்டும். வண்டி எவ்வளவு அருகில் வரும், அங்கிருந்து மரத்தடி எத்தனை மீட்டர், வழியில் மிகக் குறுகலான இடம் எத்தனை செ.மீ., படி இருக்கிறதா, மண் ஈரமா என்பதை மரத்தைப் பார்ப்பதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். 15 மீ. உயரமும் மார்பு உயரத்தில் 70 செ.மீ. தடிப்பும் (விட்டம்) உள்ள ஒரு மரத்தில் தோராயமாக 3 கன மீட்டர் கட்டை இருக்கலாம். பச்சை மரம் கன மீட்டருக்கு 800 முதல் 1,000 கிலோ என்று வைத்துக்கொண்டால் சுமார் 2,700 கிலோ. ஒருவர் ஒரு நடைக்கு 40 கிலோ சுமந்தால் ஏறக்குறைய 70 நடை. வண்டி 40 மீ. தள்ளி நின்றால், தூக்கி இறக்குவதையும் சேர்த்து ஒரு நடைக்கு இரண்டரை நிமிடம். ஒருவருக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், அதுவும் கட்டைக்கு மட்டும். கொப்பும் தழையும் தனி. இதே மரம் சாலையோரம் இருந்தால் இந்த மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி மிச்சம். உயரத்தை வைத்து விலை சொன்னவர் இரண்டுக்கும் ஒரே தொகை சொல்லியிருப்பார்.

வண்டியின் கொள்ளளவையும் எடையால் பாருங்கள். சிப்பரில் போட்ட ஈரச் சில்லு கன மீட்டருக்கு 300 முதல் 400 கிலோ வரை இருக்கும். ஒரு டன் தாங்கும் வண்டியில் மூன்று கன மீட்டர் சில்லே வரம்பைத் தொட்டுவிடும். பெட்டியில் பாதி காலியாக இருக்கிறதே என்று கட்டையையும் மேலே போட்டால் அச்சும் பிரேக்கும் கெடும், அபராதமும் வரும். எத்தனை நடை என்பதை விலை சொல்லும் முன்பே எண்ணி, ஒவ்வொரு நடைக்கும் போய்வரும் நேரத்தைச் சேர்க்க வேண்டும்.

மரத்தில் பார்க்க வேண்டியது இதற்குப் பிறகு. அடிமரத்தில் காளான், பொந்து, கவையில் பிளவு, வேர்ப்பக்கம் மண் எழும்பியிருப்பது, ஒருபக்கச் சாய்வு, காய்ந்த கொண்டை (கிளையும் இலையும் விரிந்த மேல்பகுதி). பட்ட மரத்தை வெட்டுவது எளிது என்று வாடிக்கையாளர்கள் நினைப்பார்கள். உண்மையில் கயிறு கட்ட நம்பகமான கொப்பு இல்லாததால் ஏறவே முடியாமல் போகலாம். தூக்கு மேடை வண்டி வாடகைக்கு எடுக்க வேண்டிவரும். அந்த வாடகையையும், அது நிற்கச் சமதரை இருக்கிறதா என்பதையும் பார்க்காமல் தொகை சொல்லாதீர்கள்.

கீழே என்ன இருக்கிறது என்பது அடுத்த பெரிய பெருக்கல். வெற்றுத் தரையில் அப்படியே போடலாம் என்றால் ஒரு கணக்கு. கூரை, கண்ணாடி, செடிப்படுகை இருந்து ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் இறக்க வேண்டும் என்றால் மேலே ஆகும் நேரத்தை இரண்டு மூன்று மடங்காக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. காரணம் எளிது: 60 செ.மீ. தடிப்பும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள கட்டை சுமார் 250 கிலோ. அது கப்பிக்கு மேலிருந்து விழுந்து கயிறு இழுபடும்போது, அந்த உதறலில் கயிற்றுக்கும் மரத்துக்கும் வரும் விசை கட்டையின் எடையைப் போலப் பல மடங்கு. ஆகவே நீளத்தைப் பாதியாக்க வேண்டும். பாதியாக்கினால் வெட்டும் முடிச்சும் இறக்கமும் இரட்டிக்கும். பேரம் பேசி நேரத்தைக் குறைத்துவிட்டு வேலைக்குப் போனால், பெரிய துண்டாக வெட்டத் தோன்றுவது மேலே இருப்பவருக்குத்தான். இந்தத் தொழிலில் குறைந்த விலை ஆபத்தாக மாறும் இடம் அதுவே.

மின்கம்பி கிளைக்கு அருகில் ஓடினால் மின்வாரியமோ மின் நிறுவனமோ இணைப்பைத் துண்டித்து உறுதி சொல்லும் வரை அந்த வேலைக்குத் தேதி தராதீர்கள். ஏறுகிறவருக்கு ஏதாவது ஆனால் மேலே போய் அவரை இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே இருக்க வேண்டும். ஒற்றை ஆள் கூலி வைத்துச் சொல்லும் விலை எதுவும் சரியான விலை அல்ல. ஏணியில் நின்று செயின் சா பிடிக்கும் வேலையை எந்தத் தொகைக்கும் எடுக்காதீர்கள்.

கவாத்து வேலையில் வேறொரு சிக்கல். “முழுசா வெட்டவா சொன்னேன், கொஞ்சம் குறைக்கத்தானே சொன்னேன், அதற்கு ஏன் இவ்வளவு?” என்பார்கள். முழு மரத்தை வெட்டும்போது அடிமரத்தோடு இருந்து பெரிய கொப்புகளாக இறக்கலாம். கொண்டையைக் குறைக்கும்போது ஒவ்வொரு கொப்பின் நுனி வரை போய், சரியான பக்கக்கிளை உள்ள இடத்தில் வெட்ட வேண்டும். குப்பை குறைவு, நேரம் அதிகம். இதைப் பொறுமையாக விளக்கினால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். மொட்டையடித்துவிடுங்கள் என்று கேட்டால் மறுத்துவிடுவது நல்லது. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகக் கிளம்பும் போத்துகள் மேல்பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே வெட்டுவாய் அழுகும். சில ஆண்டில் காற்றில் பிய்ந்து விழும். ஒரே தடவையில் பச்சைக் கொண்டையில் கால் பங்குக்கு மேல் எடுக்காமலிருப்பது நல்ல வரம்பு. வெட்டுவாயில் தார், பெயின்ட் பூசுவதற்கென்று தனித் தொகை போட வேண்டாம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970-களில் விளக்கியது போல, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அழுகிய பகுதியைச் சுவர் எழுப்பி அடைக்கிறது. கிளைக் கழுத்தை (கிளை மரத்தோடு சேரும் இடத்தில் தடித்திருக்கும் பகுதி) சேதப்படுத்தாமல் அதை ஒட்டி வெளியே வெட்டுவதுதான் அதற்கு உதவி.

விலையை எழுத்தில் கொடுங்கள். “மரம் டிரிம் செய்தல்” என்று எழுதினால் சண்டைக்கு வழி. “கொண்டையைச் சுற்றிலும் 1.5 மீ. குறைத்தல், முடிவு உயரம் சுமார் 8 மீ., காய்ந்த கொப்பு நீக்கம், சில்லு எடுத்துச் செல்லப்படும், கட்டை 30 செ.மீ. துண்டுகளாக வேலி ஓரம் அடுக்கப்படும், அடிக்கட்டை தரைமட்டத்தில் விடப்படும்” என்று எழுதுங்கள். மரத்துக்குள் ஆணி, கம்பி, சிமெண்ட் இருந்தால் கூடுதல் கட்டணம் எப்படி என்று ஒரு வரி. மரம் யாருடையது, வெட்ட அனுமதி தேவையா, பறவைக் கூடு உண்டா என்பதற்கு ஒரு வரி. விலை எத்தனை நாள் செல்லும் என்பதும்.

அடிக்கட்டையைத் தோண்டி அரைப்பது எப்போதும் தனி வரியாக இருக்கட்டும். தடிப்பை ரம்பம் வெட்டிய மேல்முகத்தில் அளக்காமல், வேர் விரியும் தரைமட்டத்தில் அளக்க வேண்டும், 50 செ.மீ. கட்டை அங்கே 80 செ.மீ. ஆகிவிடும். கீழே தண்ணீர்க் குழாயோ கேபிளோ போகிறதா என்று கேட்டுவிட்டே ஆழம் சொல்லுங்கள்.

பேரம் வந்தால் தொகையைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள்: கட்டையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், சில்லை அவர்கள் தோட்டத்திலேயே கொட்டலாம், தூர் அப்படியே இருக்கட்டும். ஆனால் விறகுக்கு ஏற்றபடி சின்னதாகத் துண்டு போட்டுப் பிளந்து தரச் சொன்னால் அது குறைப்பு அல்ல, கூடுதல் வேலை. “அப்படியே அந்தக் கிளையையும்” என்று நடுவில் வரும் கோரிக்கைக்கு அங்கேயே விலை சொல்லி, ஒப்புதலைக் குறுஞ்செய்தியிலாவது வாங்கிவிட்டு ரம்பத்தைத் தொடுங்கள். அரை நாளுக்குக் கீழே எந்த வேலையும் எடுக்காதீர்கள். இரண்டு மணி நேர வேலை முடிந்தபின் மிச்ச நாளுக்கு வேறு வேலை கிடைப்பது அபூர்வம்.

ஒரு நோட்டில் வேலைக்கு ஒரு வரி எழுதுங்கள்: ஏறி வெட்டும் நேரம், இழுத்துச் சுமக்கும் நேரம், ஏற்றிக் கொட்டும் நேரம், பெருக்கும் நேரம். ஒவ்வொன்றிலும் நினைத்தது, ஆனது என்று இரண்டு எண். முப்பது வேலை ஆனதும் ஒவ்வொரு பத்தியையும் கூட்டி, ஆனதை நினைத்ததால் வகுங்கள். இழுத்துச் சுமக்கும் பத்தியில் 1.4 வந்தால், அடுத்த மரத்துக்கு அந்தப் பகுதியில் மனதில் தோன்றும் மணி நேரத்தை 1.4-ஆல் பெருக்கிவிட்டு விலை எழுதுங்கள்.