அவர் யார் பக்கம்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் என் பத்து வயது மகளோடு உட்கார்ந்து ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ வரிசையின் முதல் மூன்று படங்களையும் பார்த்தேன். முதல் படம் முடியும்வரை அவள் வாயே திறக்கவில்லை. மூன்றாவதான ‘அட் வேர்ல்ட்ஸ் எண்ட்’ ஓடும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை “இப்போ இவர் யார் பக்கம்ப்பா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதி நேரம் எனக்கே பதில் தெரியவில்லை. கவனமாகப் பார்த்தால் எல்லாம் பொருந்தும், குழப்பம் என்பது பார்ப்பவரின் சோம்பல் என்கிறார் என் நண்பர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்., திருநெல்வேலி

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொல்வது பொய்யில்லை. 2007ல் வந்த அந்தப் படத்தை நான்கைந்து முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை பக்கத்தில் ஒரு தாளை வைத்துக் குறித்துக்கொண்டே பார்த்தேன். எல்லாம் பொருந்தத்தான் செய்கிறது. அப்பாவை மீட்க வில் டர்னருக்கு பிளாக் பேர்ல் கப்பல் வேண்டும். அதற்காக சாவ் ஃபெங் என்ற சிங்கப்பூர்க் கடற்கொள்ளையர் தலைவனோடு ரகசியமாகப் பேசி வைக்கிறான். சாவ் ஃபெங் ஏற்கெனவே கொள்ளையர்களை ஒழிக்க வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் பெக்கெட் பிரபுவோடு பேசி வைத்திருக்கிறான். பெக்கெட் கைவிட்டதும் அவன், முதல் படத்தின் வில்லனான கொள்ளையன் பார்போசா பக்கம் சாய்கிறான். அதற்கு விலையாக வில்லின் காதலி எலிசபெத்தைக் கேட்கிறான், அவள்தான் கலிப்ஸோ என்னும் கடல் தெய்வம் என்று நம்பி. இதற்கு நடுவில் வரிசையின் நாயகனான கொள்ளையன் ஜாக் ஸ்பாரோ தனியாகப் போய் பெக்கெட்டோடு இன்னொரு ஒப்பந்தம் போடுகிறான். தாளில் எழுதினால் கணக்கு எங்கேயும் இடிக்காது. ஆனால் வீட்டுக்கு வந்து கணக்கு சரிபார்ப்பது வேறு, திரைக்கு முன்னால் நெஞ்சு அடித்துக்கொள்வது வேறு. உங்கள் மகள் கேட்டது இரண்டாவதை. அவள் பக்கம்தான் நான்.

அவள் ஏன் முதல் படத்தில் கேள்வி கேட்கவில்லை என்று பாருங்கள். அதிலும் சாபம் இருக்கிறது, அதற்கு விதிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: சாபம் பிடித்த 882 அஸ்டெக் பொற்காசுகள், எல்லாம் பெட்டிக்குத் திரும்ப வேண்டும், ரத்தமும் சிந்த வேண்டும். அது வரைக்கும் அவற்றைத் திருடிய பார்போசாவின் கொள்ளையர்களுக்குச் சாவும் இல்லை, உணவின் ருசியும் இல்லை. கடைசியில் ஜாக்கின் துப்பாக்கி வெடிக்கிறது. பத்து வருடம் அந்த ஒரே குண்டைக் காத்து வைத்திருந்தவன் அவன். பார்போசா நெஞ்சைக் குனிந்துகூடப் பார்க்காமல், குண்டை வீணாக்கிவிட்டாயே என்று ஏளனமாகச் சொல்கிறான். மேலே வில் தன் ரத்தம் தோய்ந்த காசுகளைப் பெட்டிக்குள் போடுகிறான். பார்போசா சட்டையைத் திறந்து பார்க்கிறான், ரத்தம் பரவிக்கொண்டிருக்கிறது. குளிர்கிறது என்கிறான். கையிலிருந்த பச்சை ஆப்பிள் உருண்டு போகிறது. வருடக்கணக்கில் எதையும் உணராமல் இருந்தவனுக்குக் கடைசியாகக் கிடைக்கும் உணர்ச்சி அந்தக் குளிர். யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2006ல் வந்த ‘டெட் மேன்ஸ் செஸ்ட்’ இதைவிடச் சிக்கலானது, ஆனாலும் தடுமாறவில்லை. உருண்டோடும் ஆலைச் சக்கரத்தின் மேல் மூன்று பேர் வாள் வீசும் காட்சி நினைவிருக்கும். சபிக்கப்பட்ட கப்பல் தலைவன் டேவி ஜோன்ஸின் இதயம் இருக்கும் பெட்டிக்காக ஜாக், வில், முன்னாள் கடற்படை அதிகாரி நாரிங்டன் மூவரும் ஒருவரையொருவர் வெட்டப் பார்க்கிறார்கள். அவர்கள் சக்கரத்தில் ஏறும் முன்பே, கரையில் நிற்கும் மரக்கண்காரன் ராகெட்டி தன் கூட்டாளி பிண்டலிடம் விளக்குகிறான்: ஜாக்குக்குத் தன் உயிர் மேல் ஆசை, நாரிங்டனுக்கு இழந்த மானம் திரும்ப வேண்டும், வில்லுக்கு அப்பா. அவ்வளவுதான். அதற்கப்புறம் சக்கரம் எத்தனை சுற்று சுற்றினாலும் நமக்குத் தலை சுற்றாது. ஒவ்வொரு வாள்வீச்சுக்கும் ஒரு காரணம் கையில் இருக்கிறது. அதே படத்தில் ஜாக்கிடம் ஒரு திசைகாட்டி உண்டு. வடக்கைக் காட்டாது, பிடித்திருப்பவர் மனம் எதை விரும்புகிறதோ அதைக் காட்டும். ஜாக் பிடித்தால் முள் நிற்காமல் ஆடுகிறது, அவனுக்கே எது வேண்டும் என்று தெரியாததால். ஒரு சின்ன முள்ளில் ஒரு மனிதனின் மனக்குழப்பத்தைக் காட்டிவிட்டார்கள். எனக்கு இந்த வரிசையிலேயே மிகப் பிடித்த யோசனை அதுதான்.

மூன்றாவது படம் கைவிட்டது இதைத்தான். முதலில் பேரம் நடக்கிறது, அது எதற்காக என்பது அரைமணி நேரம் கழித்துத் தெரிகிறது. அதற்குள் அடுத்த துரோகம் வந்துவிடுகிறது. ஒருவனை நாம் நம்பத் தொடங்கினால்தானே அவன் கைவிடும்போது வலிக்கும்? எல்லோரும் எல்லோரையும் ஏமாற்றும்போது துரோகம் வெறும் தகவலாகிவிடுகிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தே படமெடுத்தார்கள். மூன்றாவதன் திரைக்கதை முடியும் முன்பே படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. அந்த அவசரம் கிட்டத்தட்ட 2 மணி 50 நிமிடப் படத்தில் அங்கங்கே தெரிகிறது. போன படம் முழுக்க நம்மைக் கதிகலங்க வைத்த கிராக்கன் என்ற ராட்சதக் கடல்மிருகம் இதில் செத்துக் கரையொதுங்கிக் கிடக்கிறது. கொல்லப்பட்ட காட்சியே கிடையாது. கலிப்ஸோவை விடுவிப்பதா வேண்டாமா என்று ஒரு பெரிய சபையே கூடி வாதாடுகிறது. விடுவித்ததும் அவள் நண்டுகளாகச் சிதறிக் கடலில் கலந்து, நீர்ச்சுழியாக வருகிறாள். எந்தப் பக்கத்துக்கும் உதவவில்லை. இருபுறமும் அணிவகுத்த கப்பற்படைகள் நின்று வேடிக்கை பார்க்க, இரண்டு மூன்று கப்பல்கள்தான் சண்டை போடுகின்றன. வில்லுக்குக் கடைசியில் விழும், பத்து வருடத்துக்கு ஒருநாள் மட்டும் கரையேறவிடும் சாபத்தின் விதி எவ்வளவு தெளிவில்லாமல் இருந்தது என்றால், பத்து வருடம் கழித்துக் கரைக்கு வந்தவன் விடுதலையானானா இல்லையா என்று ரசிகர்கள் சண்டை போட்டார்கள். 2017ல் வந்த ஐந்தாவது படம்தான், இல்லை, அவன் இன்னும் கட்டுண்டுதான் கிடக்கிறான் என்று முடிவு சொன்னது.

இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம், அந்தச் சிக்கலுக்கு அடியில் ஓர் அருமையான கதை இருப்பதுதான். படம் தொடங்குவதே தூக்குமேடையில். வரிசையாகத் தூக்கிலிடுகிறார்கள், அந்த வரிசையில் ஒரு சிறுவன் பாட ஆரம்பிக்கிறான். தூக்கில் போடுவது நம் முன்னோர்கள் கும்பினி என்று சொன்ன கிழக்கிந்தியக் கம்பெனி. சட்டமும் கணக்குப் புத்தகமும் கடலுக்கே வந்துவிட்டன, இனி ஒளிய இடமில்லை. கொள்ளையர் சபையில் இந்தியப் பெருங்கடலுக்கு ஒரு தலைவர் இருக்கிறார், ஸ்ரீ சம்பாஜி ஆங்க்ரியா. அந்தப் பெயரைக் கவனித்தீர்களா? மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்க்ரேயின் மகன் பெயர் சம்பாஜி. தங்கள் கப்பல்களைத் தடுத்ததற்காக அந்தக் குடும்பத்தையே ஆங்கிலேயர்கள் கொள்ளையர் என்று எழுதிவைத்தார்கள். படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேரங்களில் பாதியை விட்டுவிட்டு அங்கே இரண்டு நிமிடம் நின்றிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு ஒவ்வொரு முறையும் வரும்.

நின்ற இடங்களில் படம் உயிரோடு இருக்கிறது. செத்த கிராக்கன் முன்னால் ஜாக்கும் பார்போசாவும் பேசாமல் நிற்பார்கள். உலகம் முன்பு இன்னும் பெரிதாக இருந்தது என்பான் பார்போசா. உலகம் அதேதான், அதில் இருப்பவைதான் குறைந்துவிட்டன என்பான் ஜாக். அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் அந்த ஒரு நிமிடம்.

இன்னொரு இடமும் உண்டு, அதை உங்கள் மகளோடு மறுபடி பாருங்கள். கிட்டத்தட்ட கடைசி. டேவி ஜோன்ஸின் இதயம் ஜாக்கின் கையில் இருக்கிறது, குத்தினால் போதும், சாவே கிடையாது. மூன்று படமாக அவன் ஓடியதெல்லாம் சாவுக்குப் பயந்துதான். எதிரே வில் மார்பில் வாள் பாய்ந்து கிடக்கிறான். மழை கொட்டுகிறது. ஜாக் ஒரு கணம் பார்க்கிறான். அப்புறம் வில்லின் கையில் கத்தியைக் கொடுத்து, அந்தக் கையைத் தன் கையால் பிடித்து இதயத்தில் இறக்குகிறான்.

அந்த இடத்தில் அவள் ஏதாவது கேட்டாளா என்று எழுதுங்கள்.

அன்புடன்