ஐந்து வயதுக் குழந்தைக்கு டான்சில் ஆபரேஷன்: எப்போது, எப்படிச் சொல்வது?

இரண்டு மூன்று நாள் முன்பு சொன்னால் போதும். அதற்கும் முன்னால் சொன்னால் பயம்தான் வளரும். ஏழு வயதுக்கு மேல் என்றால் ஒரு வாரம் கொடுக்கலாம்.

"கடைக்குப் போறோம்" என்று ஏமாற்றிக் கூட்டிப்போகாதீர்கள், அடுத்த ஊசிக்கே நம்பமாட்டான். "வலிக்கவே வலிக்காது" என்பதும் பொய்தான். "முழிச்சதும் தொண்டை வலிக்கும், மருந்து தருவாங்க" என்று சொல்லுங்கள். மயக்கத்தை வெறும் "தூக்கம்" என்றால் சில பிள்ளைகள் இரவில் தூங்கவே பயப்படும். "டாக்டர் பக்கத்திலேயே இருந்து எழுப்புற தூக்கம்" எனலாம். மயக்க மருந்து தரும் மாஸ்க் மாதிரி ஒன்றைப் பொம்மைக்கு வைத்து விளையாடவிடுங்கள்.

பொதுவாக ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பே சாப்பாடும் பாலும் நிற்கும். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகலாம். அழுகிறானே என்று ரகசியமாக பிஸ்கட் கொடுத்தால் ஆபரேஷனே தள்ளிப்போகும். தண்ணீருக்கான நேரத்தை மயக்க மருத்துவரிடம் கேளுங்கள்.