காய்ச்சலுக்குப் பிறகு மறுபடி சைக்கிள் ரேஸ் ஓடலாமா?

தம்பி, சித்திரையில் கொப்பளிப்பான் (சின்னம்மை) வந்து இரண்டு கிழமை படுத்ததாகவும், இப்போது பத்துக் கிலோமீற்றரிலேயே நெஞ்சு படபடப்பதாகவும், ஆவணியில் ரேஸ் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். முதலில் டொக்டரிடம் போய் ஒரு ஈ.சி.ஜி. எடுங்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இதயத் தசையில் அழற்சி இருக்கும். அதோடு மிதிப்பது ஆபத்து.

அது சரியென்றால், காலையில் படுக்கையிலேயே நாடி பாருங்கள். வழமையைவிடப் பத்துக் கூட என்றால் அன்று சைக்கிளைத் தொடாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைத் தீவுக்குக் கடலுக்கு மேலால் போகிற பண்ணைப் பாலத்தில் இப்போது ஓடாதீர்கள். வேலணைப் பக்கம் போகும்போது சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, முகத்தில் அடிக்கும், மேடே இல்லாத ரோட்டிலும் மலை ஏறுகிற மாதிரி இருக்கும். காற்று வீசாத நாளிலேயே வேகத்தை இரட்டித்தால் காற்றுத் தடையை வெல்ல எட்டு மடங்கு வலு வேண்டும். மரநிழல் உள்ள உள் ஒழுங்கைகளில், கதைத்துக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகத்தில், முதல் இரண்டு கிழமையும் அரை மணித்தியாலம் போதும். ஸ்பிரின்ட் (முழு வேக ஓட்டம்) அப்புறம்.

நான் டெங்குக்குப் பிறகு ஓடிய மூன்றாம் நாள், மீன்பெட்டி கட்டிய லுமாலா சைக்கிள்காரர் ஒருவர் முந்திப் போனார். ரோசத்தில் துரத்தினேன். பிறகு ஒரு கிழமை கட்டிலில்தான்.

ஆவணி ரேஸை விடுங்கள். அடுத்ததற்குப் பெயர் கொடுக்கலாம்.