பன்னிரண்டாவது கை

அன்புள்ள ஐயா,

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக டிசைனராக இருக்கிறேன். காலண்டர் சாமி படங்களுக்குப் பின்னணி போடுவது, பழைய படங்களைச் சுத்தம் செய்து நிறம் கூட்டுவது, கடைப் பெயர் அடிப்பது எல்லாம் என் வேலை. ஆடிப்பெருக்கன்று புது ஆல்பம் வெளியிடுவோம். இந்த வருட ஆல்பத்தில் பாதிக்குமேல் ஏஐ போட்ட படங்கள். என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த இரண்டு பையன்களை முதலாளி நிறுத்திவிட்டார். ‘நீ ஒருத்தன் போதும்’ என்கிறார்.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கவின்கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்கிறாள். நன்றாக வரைவாள். ஆனால் அவளே போன மாதம் போனில் ஒரு படத்தை உண்டாக்கி, அதைப் பார்த்து வரைந்து பள்ளியில் பரிசு வாங்கி வந்தாள். சந்தோஷப்படுவதா, திட்டுவதா என்று தெரியவில்லை. மெஷின் அரை நிமிடத்தில் போடும் படத்துக்கு நான்கு வருடம் படிக்க வேண்டுமா? மறைக்காமல் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்,
சிவகாசி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சென்ற தைப்பூசத்துக்கு இந்தத் தளத்தில் ஒரு கட்டுரை போட்டபோது ஏஐ செய்த ஆறுமுகன் படத்தை வைத்தேன். காசும் மிச்சம், நேரமும் மிச்சம். மறுநாளே ஒரு வாசகர் எண்ணிப் பார்த்து எழுதிவிட்டார், கை பதினொன்றுதான் இருக்கிறது என்று. பன்னிரண்டாவதைத் தேடிப் பார்த்தேன். வேல் யார் பிடியிலும் இல்லாமல் தானாக நின்றுகொண்டிருந்தது. படத்தை எடுத்துவிட்டேன். ஆகவே உங்கள் முதலாளியைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த இரண்டு பையன்கள்தான். மகளைப் பற்றிய கேள்விக்குப் பதிலும் அவர்களிடமிருந்தே தொடங்குகிறது.

உங்கள் பக்கத்து ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். அப்புறம் நாடகக் கம்பெனிக்கு மேடைத் திரைச்சீலைகளில் ஓவியம் எழுதினார். தெரு, காடு, தர்பார் என்று ஆள் உயரத்துக்கு மேல் எழுதும் வேலை, ஒருவரால் ஆகாது. கூட நின்று எழுதிய இளைஞர்கள் சிஷ்யர்களானார்கள். 1940களில் அவர் கோவில்பட்டியில் தங்கியபோது அவர்களும் கூடவே இருந்தார்கள். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம் என்று ஒரு பட்டாளமே அங்கிருந்து சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படம் வரைந்தது. சில படங்களில் குருவின் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே சிஷ்யனின் கையெழுத்தும் இருக்கும்.

சென்னை சினிமா பேனர் கம்பெனிகளிலும் இதே முறைதான். புதுப் பையன் கட்டம் போடுவான், கலர் குழைப்பான், பின்னணி அடிப்பான். முகம் மட்டும் மாஸ்டர் கை. பல வருடம் பார்த்துக்கொண்டே நின்றவனுக்கு ஒரு நாள் முகமும் கிடைக்கும். ஃப்ளெக்ஸ் வந்து அதை மூடிவிட்டது. ஆனாலும் ஃப்ளெக்ஸ் ‘டிசைனர்’ என்று ஒரு வேலையையாவது பதிலுக்குக் கொடுத்தது. நீங்களே அந்த அலையில் வந்தவராகத்தான் இருப்பீர்கள். இப்போது வந்திருப்பது அடிப்படியையே எடுத்துவிடுகிறது. பின்னணி போடப் பழகாதவன் பத்து வருடம் கழித்து உங்கள் நாற்காலியில் எப்படி உட்காருவான்? ஆறுமுகனுக்குக் கை எண்ணிப் பார்க்க அப்போது யார் இருப்பார்கள்? முதலாளி இந்த வருடக் கூலியை மட்டும் கணக்குப் போட்டிருக்கிறார்.

பெயர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2022இல் வெளியான, படம் போடும் ஏஐயான ஸ்டேபிள் டிஃப்யூஷன், ‘லயான்’ என்ற மாபெரும் தொகுப்பிலிருந்து எடுத்த படங்களில் பழகியது. அந்தத் தொகுப்பில் 585 கோடி இணையப் படங்களுக்கான முகவரியும் விவரமும் இருந்தன. வரைந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் மூன்று ஓவியர்கள் இதை எதிர்த்துக் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். சிஷ்யன் பெயரையும் படத்தில் சேர்த்துப் போட்ட ஊரிலிருந்து பார்த்தால், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாகப் படுகிறது.

(முதலாளிக்கு ஒரு செய்தி. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023இல் ஒரு சித்திரக்கதையின் எழுத்துக்கு உரிமை கொடுத்து, அதிலிருந்த, மிட்ஜர்னி என்ற ஏஐ போட்ட படங்களுக்கு மறுத்துவிட்டது. நம் சட்டத்தில், கணினி உண்டாக்கிய படைப்புக்கு அதை உண்டாக்கக் காரணமானவரே ஆசிரியர் என்று 1994 திருத்தம் சொல்கிறது. அதை எழுதியபோது இப்படி ஒரு மெஷினை யாரும் கண்டதில்லை. பக்கத்து அச்சகம் அதே படத்தை அடித்தால் கோர்ட்டில் எது நிற்கும் என்று வக்கீலிடம் கேட்டு வைக்கட்டும்.)

சரி, மகளுக்கு வருவோம். சேருங்கள். பரிசுக்காகத் திட்ட வேண்டாம், பார்த்து வரைவது ஒன்றும் பாவமில்லை. ஆனால் அவள் பார்த்தது எதை என்று கேளுங்கள். மெஷின் தப்பாகப் போட்ட விரலைத் தப்பாகவே வரைந்திருந்தால், உங்கள் கையை முன்னால் நீட்டி, திரும்ப வரையச் சொல்லுங்கள். 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி மரபில் முதலில் பழகுவது அளவுதான். முகத்தின் நீளம் ஒரு தாளம், பிள்ளையாருக்கு ஐந்து தாளம். கோடு கிழித்து, அழித்து, மறுபடி கிழித்துத்தான் அது கைக்கு வரும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது சுவரில் மாட்டிய படங்களில் மயங்காதீர்கள். மாணவர்களின் கிறுக்கல் நோட்டை வாங்கிப் பாருங்கள். ஆசிரியர்கள் அதற்கும் மதிப்பெண் போடுகிறார்களா என்று விசாரியுங்கள். முடித்த படத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றால் பிள்ளைகள் மெஷினிடம்தான் போவார்கள்.

பள்ளியில் அந்த நோட்டே கிடையாது. 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். நாம் படித்த காலத்திலும் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிப் போவார், திருப்பித் தந்ததாக நினைவில்லை. அப்போது ஏது ஏஐ?

சம்பாத்தியம் பற்றி நான் உறுதி கொடுக்க முடியாது. காலண்டர் வேலையை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். விடுமுறை நாட்களில் அவளை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பழைய படத்தைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு பையன்களும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.